அத்தியாயம் 6: தாம்பாளத்தில் காயும் கனியும்

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஊர் கொள்ளாத கூட்டம் என்றால் இரண்டு நாட்களைச் சொல்லலாம். ஒன்று ஆடித் திருவாதிரை, இன்னொன்று ஐப்பசிப் பௌர்ணமி. ஆடியில் இராஜேந்திர சோழன் பிறந்த நட்சத்திரம் அரசு விழாவாக நடக்கிறது. 2025இல் அவன் கடல் கடந்து படை அனுப்பிய ஆயிரமாவது ஆண்டும் சேர்ந்துகொள்ள, ஜூலை 23 முதல் 27 வரை ஐந்து நாள் விழா நடந்தது. ஐப்பசியில் அன்னாபிஷேகம், 13 அடி உயரமுள்ள பெருவுடையாரை மூடுவதற்கு மூட்டை மூட்டையாக அரிசி வேகும். இந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் சொந்தக்காரர் இருக்கிற எல்லோரும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். வேனில் வந்து இறங்கிய இருபது பேருக்கு, பந்தி போடுவதற்கு முன்னால், பசி தெரியாமலும் பசியைக் கெடுக்காமலும் ஏதாவது எடுத்து நீட்ட வேண்டும். அதற்கான தாம்பாளம்தான் இந்த அத்தியாயம்.

பச்சைக் காயும் பழமும் வெட்டி அடுக்குவதற்கு ஒரு வழிகாட்டியா என்று கேட்கலாம். கல்யாண மண்டபத்துச் சாலட் தட்டை நினைத்துப் பாருங்கள். நுழைந்தவுடன் கண்ணைப் பறிக்கும். அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் வெள்ளரி வாடி, பீட்ரூட் சாயம் எல்லாவற்றிலும் ஏறி, அடியில் ஒரு குட்டை தேங்கியிருக்கும். தர்பூசணியில் அன்னப்பறவை செதுக்கத் தெரிந்தவர்கள்கூட இந்தக் குட்டையைத் தடுப்பதில்லை. வெட்டிய காயிலிருந்து தண்ணீர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. வண்ணம் தானாக நிற்கும்.

எவ்வளவு, எதெது

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. நம் தாம்பாளம் ஒரு ஆளுக்கு 150 கிராம் வந்தால் போதும். இருபது பேருக்கு மூன்று கிலோ. இதில் இரண்டு பங்கு காய், ஒரு பங்கு பழம். பழத்தைக் கூட்டினால் தட்டு சீக்கிரம் காலியாகும் என்பது உண்மை. ஆனால் அதற்கப்புறம் சாதத்தை யாரும் தொட மாட்டார்கள். வந்தவர்களில் சர்க்கரைக்காரர் இரண்டு பேராவது இருப்பார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

வெள்ளரிப் பிஞ்சு ஒரு கிலோ, கேரட் அரை கிலோ, தக்காளி அரை கிலோ, முள்ளங்கி கால் கிலோ, பீட்ரூட் கால் கிலோ. பழத்தில் சின்னப் பப்பாளி ஒன்று, கொய்யா கால் கிலோ, மாதுளை இரண்டு. தோல், கொட்டை, காம்பு எல்லாம் போனாலும் மூன்று கிலோ தேறும். தக்காளியில் நாட்டுத் தக்காளி வேண்டாம். அது ரசத்துக்குப் பிறந்தது. வெட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் தட்டில் ஓடிவிடும். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளிதான் இங்கே சரி. அதிலும் விதையை விரலால் வழித்துவிட்டுச் சதையை மட்டும் நீளவாக்கில் வெட்டுங்கள்.

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் கேரட்டும் பீட்ரூட்டும் மலைக்காய் என்ற பெயரில் வெளியிலிருந்து வந்து இறங்குபவை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துக்கே உரியவற்றை விட்டுவிட்டு டிராகன் பழமும் கிவியும் தேடி அலைவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் இருக்கிறது. கொள்ளிடக் கரை வாழை இருக்கிறது. செம்மண் மேட்டில் வேர்க்கடலையும் முந்திரியும் இருக்கின்றன. இந்த நான்கும் சேர்ந்தாலே தட்டுக்கு ஊர் அடையாளம் வந்துவிடும். வேர்க்கடலையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து உரித்து வையுங்கள். பச்சைக் காய்க்கு நடுவே அது ஒன்றுதான் வாய்க்கு நிறைவாக இருக்கும்.

மாம்பழக் காலமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயு மட்டும், 100 பிபிஎம் அளவு வரை, அனுமதிக்கப்பட்டது. கூடையில் இருக்கும் பழம் எல்லாம் ஒரே மஞ்சளாக, காம்படியில் வாசனையே இல்லாமல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கழுவுவதும் துடைப்பதும்

கழுவுவது வெட்டுவதற்கு முன்னால். வெட்டிய பிறகு கழுவினால் அழுக்கு உள்ளே போகும், சத்தும் சுவையும் வெளியே போகும். தோல் சீவப் போகிறோமே என்று பப்பாளியையும் தர்பூசணியையும் கழுவாமல் விடுகிறவர்கள் உண்டு. மேல்தோலில் இருக்கும் மண்ணைக் கத்தியே உள்ளே இழுத்துச் செல்லும். எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். இதை அடுப்பில் ஏற்றப் போவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற வேலை: துடைப்பது. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்துக் காயவைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய காயை அதில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு ஒற்றி எடுங்கள். கொத்தமல்லியும் புதினாவும் தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும்.

அரிவாள்மனையா, கத்தியா

பூசணிக்கும் வாழைத்தண்டுக்கும் அரிவாள்மனையை மிஞ்ச எதுவும் இல்லை. இந்தத் தட்டுக்குக் கத்தி எடுங்கள், அதுவும் எவர்சில்வர் கத்தி. கொய்யா, நெல்லி, வாழை, முந்திரிப் பழம் எல்லாம் துவர்ப்புள்ளவை. அந்தத் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுக்கும். நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கியவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் மை பூசியது போல் ஆகிவிடும்.

கத்தி கூராக இருக்க வேண்டும். இதைச் சமையல் வாத்தியார்கள் எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். மழுங்கிய கத்தி காயை அறுக்காது, நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் தண்ணீர் கசியும், கொய்யாவும் ஆப்பிளும் அங்கேதான் முதலில் பழுப்பேறும்.

வெட்டும் வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். முதலில் கேரட், முள்ளங்கி. இவை ஒரு மணி நேரம் முன்பே வெட்டினாலும் நிற்கும்; ஆனால் கேரட் காற்றில் காய்ந்தால் மேலே வெள்ளை பூத்துவிடும், ஈரத்துணி போட்டு மூடுங்கள். பிறகு மாதுளையை உதிர்ப்பது. தண்ணீருக்குள் வைத்துப் பிரித்தால் முத்து அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மிதக்கும், சட்டையும் தப்பும். பிறகு பப்பாளி. அதன் பின் வெள்ளரியும் தக்காளியும், பரிமாறக் கால் மணி நேரம் இருக்கும்போது. கொய்யாவும் வாழைப்பழமும் கடைசி. வெட்டிய உடனே எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவினால் நிறம் மாறுவது தள்ளிப்போகும். சின்ன வெங்காயத்துக்குத் தனிப் பலகை. அதை வட்டமாக அரிந்து ஐந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வடித்தால் காரம் அடங்கும். வெங்காயம் வெட்டிய பலகையில் பப்பாளி வெட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மீன், கறி வெட்டுகிற பலகை இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

முந்திரிப் பழம்: இரண்டு மாதத்து அதிர்ஷ்டம்

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் நடந்து பார்த்தால் காலடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் கொட்டிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுவார்கள். காரணம் எளிது: விழுந்த பழம் ஒரு நாள் தாங்காது. லாரியில் ஏற்றினால் சந்தைக்குப் போய்ச் சேர்வது கூழ்தான். அதனால் சென்னையிலும் கோவையிலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒரு நிறம், இங்கே தோப்புக்காரரிடம் கேட்டால் சும்மா கிடைக்கும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் இது.

பிறகு ஏன் வீட்டில் யாரும் தட்டில் வைப்பதில்லை? தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு. அதைக் குறைக்க வழி உண்டு. காலையில் மரத்தடியில் விழுந்த, கீறலோ கன்றலோ இல்லாத பழமாகப் பொறுக்குங்கள். மஞ்சள் ரகமும் சிவப்பு ரகமும் கலந்து இருக்கட்டும். கொட்டையைத் திருகிய இடத்தில் பழத்தின் நுனியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அது பழத்தில் பட்டிருக்கலாம். காம்புப் பக்கத்தையும் கொஞ்சம் நீக்கிவிட்டு, கழுவி, விரற்கடை கனத்தில் வட்டமாக வெட்டி, உப்புக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நார் நீளவாக்கில் ஓடுவதால் வட்டமாக வெட்டினால்தான் மெல்ல வரும். நீளமாக வெட்டினால் சக்கையை மென்று துப்ப வேண்டியிருக்கும். வடித்து, துணியில் ஒற்றி, மேலே மிளகாய்ப்பொடியும் உப்பும் ஒரு சிட்டிகை. துவர்ப்பு முழுதாகப் போகாது, போகவும் வேண்டாம். பப்பாளியின் இனிப்புக்குப் பக்கத்தில் அந்தத் துவர்ப்பு நன்றாகவே இருக்கும்.

வெள்ளைச் சட்டைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். முந்திரிப் பழச் சாறு பட்ட கறை சலவைக்கு அசையாது.

அடுக்குவது

பதினெட்டு அங்குலத் தாம்பாளம் ஒன்று எடுங்கள். பித்தளையாக இருந்தால் அழகுதான். ஆனால் எலுமிச்சையும் தக்காளியும் தயிரும் பித்தளையைத் தொடக்கூடாது, புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். வாழையிலையைத் தாம்பாள அளவுக்கு வட்டமாக வெட்டி, அனலில் லேசாக வாட்டி விரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. வாட்டிய இலை கிழியாது. அந்தக் கரும்பச்சை மேல் எந்த நிறத்தை வைத்தாலும் எடுத்துக் காட்டும்.

வண்ணம் சேர்ப்பதை எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் கோயிலைத்தான் காட்டுவேன். மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய், கனி, இனிப்பு வகைகளால் அலங்காரம் செய்வார்கள். ஆடியில் அம்மன் கோயில்களில் சாகம்பரி அலங்காரம். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு. கத்திரிக்காய், கேரட், வெண்டை, முள்ளங்கி என்று கோக்கும்போது அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். தக்காளிக்குப் பக்கத்தில் கேரட்டை வைத்தால் இரண்டும் மங்கும். நடுவில் முள்ளங்கியோ வெள்ளரியோ வந்தால் இரண்டும் பளிச்சென்று இருக்கும். இன்னொன்று, அங்கே பெரும்பாலும் முழுக்காய்தான். அதனால்தான் நாள் முழுக்க வாடாமல் நிற்கிறது. நம் தட்டுக்கும் இதையே செய்யலாம். ஓரத்தில் வட்டமாக முழு வெள்ளரிப் பிஞ்சு, இலையோடு முள்ளங்கி, குட்டி வாழைச்சீப்பு. வெட்டியவை நடுவில். முழுக்காய் அலங்காரத்தைப் பார்த்துக்கொள்ளும். வெட்டியது தீரத் தீர உள்ளேயிருந்து கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருக்கலாம். மூன்று கிலோவையும் ஒரே தடவையில் குவிக்காதீர்கள்.

பீட்ரூட்டுக்குத் தனி மரியாதை செய்யத்தான் வேண்டும். அதன் சிவப்பு தண்ணீரில் கரையும் சாயம், தொட்டதையெல்லாம் தன் நிறமாக்கும். மெல்லிசாகத் துருவி அரை ஸ்பூன் நல்லெண்ணெயில் பிரட்டி, சின்ன வாழையிலைத் தொன்னையில் வைத்து, தொன்னையோடு தட்டில் இறக்குங்கள். எண்ணெய் பூசினால் சாயம் குறைவாகக் கசியும். ஊதா முட்டைக்கோஸ் கிடைத்தால் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம்: அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதா சிவப்பாகும்.

பப்பாளி, அன்னாசி இரண்டையும் தயிர்ப் பச்சடியோடு கலக்க வேண்டாம். அவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைக்கும், சிறிது நேரத்தில் கசப்பு தட்டும். தயிர் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், தொட்டுக்கொள்ளட்டும்.

உப்பு எப்போது

கூட்டு வேலையில் இந்த உரையாடல் கட்டாயம் நடக்கும்.

"அக்கா, எல்லாம் வெட்டியாச்சு. உப்புப் போட்டுக் கிளறிடட்டுமா?"

"தொடாத. உப்பு கிண்ணத்துல தனியா இருக்கட்டும். இப்பப் போட்டா பத்து நிமிஷத்துல எல்லாம் தண்ணி விட்டுரும்."

"அப்ப உப்பில்லாமலா வைக்கிறது?"

"சாப்பிடறவங்க தூவிக்குவாங்க. அவங்க கைக்கு என்ன வேலை?"

அக்கா சொல்வதுதான் சரி. உப்புப் பட்டால் காய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். வெள்ளரியும் தக்காளியும் முதலில் தோற்கும். எனவே தாம்பாளத்தின் நடுவில் மூன்று கிண்ணம். ஒன்றில் உப்பும் பொடித்த மிளகும். இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு நான்கு ஸ்பூன், பொடித்த வெல்லம் இரண்டு ஸ்பூன், துருவிய இஞ்சி கொஞ்சம் கலந்த சாறு. மூன்றாவதில் தேங்காய்த் துருவலும் இடித்த முந்திரியும். இதில் மட்டும் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டலாம். தேங்காயிலும் முந்திரியிலும் உள்ள கொழுப்பு இருந்தால்தான் கேரட், பப்பாளியின் மஞ்சள் சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். ருசிக்குச் சேர்த்தது சத்துக்கும் ஆகிறது.

முளைகட்டிய பச்சைப்பயறு சேர்ப்பதானால் ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். முளை வருகிற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து வையுங்கள். வேர்க்கடலையையும் முந்திரியையும் அவர்களுக்கு எட்டாத பக்கம் தள்ளுங்கள்.

வெயிலும் கடிகாரமும்

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். வெட்டிய பழத்தை வெளியே இரண்டு மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுவான விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. அரியலூர் மாவட்டத்துப் பகல் பொழுதுக்குப் பெரும்பாலான மாதங்களில் இந்த ஒரு மணி நேரக் கணக்கே பொருந்தும். வேன் பத்து மணிக்கு வரும் என்றால் பத்துக்கு வெட்டத் தொடங்குங்கள். வேன் பத்துக்கு வராது.

குளிர்ச்சிக்கு ஐஸ் வைப்பதானால் பெரிய தாம்பாளத்தில் ஐஸை நிரப்பி, அதன் மேல் சின்னத் தாம்பாளத்தை உட்கார வையுங்கள். மீனுக்குப் போடுகிற கட்டி ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை, காயைத் தொடவே கூடாது. ஈ மொய்க்காமல் மேலே வலைமூடி. கோயில் புல்வெளிக்குத் தட்டைத் தூக்கிப் போகலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள, யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வளாகம் அது. சாப்பாடு வீட்டுத் திண்ணையில்தான். விற்பனைக்காகச் செய்கிற மகளிர் குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இராஜேந்திரனுக்கு வைத்திருந்தால்

ஆடித் திருவாதிரைக்கு மட்டும் ஒரு மாற்றுத் தட்டு சொல்கிறேன். இதுவரை வாங்கச் சொன்னவற்றில் தக்காளி, பப்பாளி, கொய்யா, வேர்க்கடலை, மிளகாய் எதுவும் சோழர் காலத்தில் இந்த மண்ணில் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, ஐரோப்பியர் கப்பல் வந்த பிறகு வந்தவை. இந்த மாவட்டத்துக்குச் சோறு போடும் முந்திரிகூடப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கடாரம் வரை படை அனுப்பிய அரசனின் தலைநகரில் ஒரு பச்சை மிளகாய் இருந்திருக்காது.

இவற்றை நீக்கினால் மிஞ்சுவது குறைவில்லை. வாழைப்பழம், கடைசிப் பருவத்து மாம்பழம், பலாச்சுளை, மாதுளை, வெள்ளரி, தேங்காய், ஊறவைத்த பாசிப்பருப்பு. காரத்துக்கு மிளகும் இஞ்சியும். இனிப்புக்கு வெல்லம் அல்லது தேன். பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரி, தேங்காய்த் துருவல், இடித்த மிளகு, இஞ்சி சேர்த்து நடுவில் குவியுங்கள். சுற்றிலும் மஞ்சள் பழங்கள், இடையிடையே மாதுளை முத்து. சிவப்பு குறைவாகத்தான் இருக்கும். மஞ்சள், வெள்ளை, பச்சை மூன்றும் ஆட்சி செய்யும். பலாச்சுளை வாசனை மற்றதில் ஏறாமல் இருக்க அதை இலை மடித்த தனித் தொன்னையில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தால் தட்டை நீட்டிவிட்டு, இதில் தக்காளி ஏன் இல்லை என்று கேளுங்கள். சாப்பிடும் வரை பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

மிஞ்சினால்

தட்டில் வைத்து ஒரு மணி நேரம் ஆன பழத்தை ஃபிரிட்ஜில் ஏற்றிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், மாட்டுக்குப் போகட்டும். உள்ளே குளிர்ச்சியில் வைத்திருந்து தட்டுக்கே வராத பழம் மாலை வரை தாங்கும். உப்புப் படாத கேரட், பீட்ரூட், முள்ளங்கி அன்று மதியப் பந்திக்கே பொரியலாகலாம்; வெள்ளரி மோர்க்குழம்பில் போகும். ஓரத்தில் அலங்காரமாக நின்ற முழுக்காய்களும் வாழைச்சீப்பும் கையே படாமல் இருக்கும். அவற்றை ஊர் திரும்புகிறவர்களின் பையில் போட்டு அனுப்பிவிடலாம்.